ஆறு பத்து பொன்னரசி

ஏனுங்க தம்பி, அந்தப் பக்கத்துல 'சுமார் ஆறு மணி'ன்னு போட்டிருக்கறதைப் பாத்துத்தானே சிரிச்சீங்க? சிரிங்க, தப்பில்ல. பஸ் டைம் சொல்றதுக்குன்னே ஒரு வெப்சைட்டு வெச்சுட்டு, அதுல போயி சுமார்னு போட்டா எவனுக்கும் சிரிப்புத்தான் வரும். அதைப் போட்டவன் நான்தானுங்க. ஆமாங்க, இந்த வேட்டி கட்டுன கெழவன்தான். நம்பலீன்னா அப்படியே கீழ தள்ளிக்கிட்டே போங்க. அடியில பொடி எழுத்துல இருக்கும், 'தயாரிப்பும் பராமரிப்பும்: ப. நாச்சிமுத்து, டைம் கீப்பர், ஓய்வு'ன்னு. இருக்குதுங்களா? அதானுங்க நான்.

உக்காருங்க. இந்த ஊஞ்சக்காட்டுப் பிரிவுல திட்டு எப்பவும் ஈரமா இருக்கும், துண்டை விரிச்சுக்கங்க. நீங்க ஊருக்குப் புதுசுன்னு பாத்தாலே தெரியுது. உள்ளூர்க்காரன் எவனும் அந்தப் பக்கத்தைப் பாக்கறதில்லைங்க. ஜமீலாம்மா அன்னைக்கே சொன்னாங்க. ஜமீலாம்மா யாருன்னு சொல்றன், இருங்க.

வெள்ளியம்பாளையம் பஸ் ஸ்டேண்டுல முப்பத்தொரு வருஷம் டைம் கீப்பரா இருந்தனுங்க நான். தனியார் வண்டிக்காரங்க சங்கத்துல வெச்ச ஆளு. ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நாலு நிமிஷம் இருக்கும். அந்த நாலு நிமிஷத்துக்குள்ள ரெண்டு கண்டக்டருங்க ஒருத்தன் சட்டையை ஒருத்தன் புடிச்சிருப்பாங்க. நடுவுல நான் விசிலோட நிப்பன். ஊதுனா வண்டி கெளம்பியே ஆகோணும். என்ற விசிலைக் கேட்டுட்டு டீக்கடைக்காரர் கடியாரத்தைத் திருப்பி வெச்சதை என்ற கண்ணால பாத்திருக்கறன். பெருமைக்குச் சொல்லலீங்க. சரி, பெருமைக்குத்தான் சொல்றன்னு வெச்சுக்கங்க.

ரிட்டயர் ஆனப்பறம் என்ற எடத்துல ஒரு மிஷினை வெச்சுட்டாங்க. அது பாட்டுக்குக் கத்தும், எவனும் கேக்கறதில்ல. நான் ஊட்டுல உக்காந்திருந்தன். என்ற சம்சாரம் மயிலாத்தா அரிசி களைஞ்சு போட்டா, எத்தனை நிமிஷத்துல எறக்கோணும்னு நான் சொல்லுவனுங்க. ஒரு மாசம் பொறுத்துப் பாத்தா. அப்பறம், "சாமி, ஒங்களுக்குக் கும்புடு போடறன், எங்கியாச்சும் போயி எதையாச்சும் கத்துக்கங்க"ன்னுட்டா. அப்பத்தான் ஜமீலாம்மா ஜெராக்ஸ் கடையில ஒரு போர்டு பாத்தன். 'முப்பது நாளில் நீங்களே வெப்சைட் செய்யலாம்.'

ஜமீலாம்மாவுக்கு நாப்பது வயசு இருக்குமுங்க. ஜெராக்ஸ் மிஷினுக்குப் பின்னாடி உக்காந்தே அத்தனையும் தானாக் கத்துக்கிட்டவங்க. சாயந்திரம் பொழுதோட ஒரு மணி நேரம் வகுப்பு. மொத நாளே கேட்டாங்க, "ஐயா, நீங்க என்ன வெப்சைட்டு போடப் போறீங்க?"ன்னு. "பஸ் டைமு"ன்னன். வேற என்ன தெரியும் எனக்கு?

கத்துக்கறது லேசில்லீங்க தம்பி. டொமைன்னா பேரு, ஹோஸ்டிங்னா குடியிருக்க எடம். இது புரியவே எனக்கு ஒரு வாரம் ஆச்சு. பேரு வாங்கியாச்சே, அப்பறம் எடம் எதுக்குன்னு சண்டை போட்டன். ஒத்தை விரல்ல தட்டித்தட்டி ஒரு வண்டிப் பேரு அடிக்கறதுக்குள்ள அந்த வண்டி ஈரோடே போயிருக்கும். பக்கத்தைத் திறந்தவொடனே 'ஹலோ வேர்ல்டு'ன்னு ஒண்ணு தானா வந்து நின்னுச்சு. நான் அது கம்பெனிக்காரன் போட்ட சட்டம்னு நெனச்சுத் தொடவே இல்ல. மூணு மாசம் என்ற பஸ் டைமுக்கு மேல ஹலோ வேர்ல்டு நின்னுட்டிருந்துச்சுங்க. ஒருக்கா என்னத்தையோ அமுக்கி அட்டவணை மொத்தமும் போயிருச்சு. அன்னைக்குச் சோறு எறங்கல. அடுத்த நாள் ஜமீலாம்மா பேக்கப்புல இருந்து எடுத்துக் குடுத்தப்ப அவங்க காலைத் தொட்டுருவனாட்ட இருந்துச்சு.

அப்பறம் ஒரு நாள் பப்ளிஷுங்கற பொத்தானை அமுக்குனன். விசில் ஊதுன மாதிரியே இருந்துச்சுங்க. பக்கத்துல ஒரு எண் ஓடும், எத்தனை பேரு பாத்தாங்கன்னு. தெனமும் நானூறு, ஐநூறுன்னு ஏறுச்சு. மயிலாத்தாகிட்ட, "ஊரே பாக்குது"ன்னு சொல்லீட்டுத் திரிஞ்சன். ஜமீலாம்மாதான், "ஐயா, நீங்க திறக்கறப்பெல்லாம் அது ஒண்ணு ஏறும், அதுல பாதிக்கு மேல நீங்கதான்"ன்னாங்க. அதுக்கும் நான் நம்பலைன்னு வெச்சுக்கங்க.

இப்பத்தான் விஷயத்துக்கு வர்றன்.

அட்டவணை போடறப்ப ஜமீலாம்மா ஒண்ணு கேட்டாங்க. "ஐயா, இந்த ஊஞ்சக்காட்டுப் பிரிவுல ஆறு பத்துன்னு போட்டிருக்கீங்களே, இது பெர்மிட்டு டைமா, வண்டி வர்ற டைமா?"

எனக்கு சுருக்குனு கோவம் வந்துருச்சு. "பெர்மிட்டு டைம்தாம்மா டைமு. வர்ற டைமுங்கறது டிரைவரோட கொழுப்பு"ன்னன்.

"எங்க அக்கா அங்கதான் ஏறுது. ஆறு மணிக்கெல்லாம் போயிருதாமே?"

"போகக் கூடாது."

"கூடாதுதான் ஐயா. ஆனா போகுதே?"

தம்பி, அந்தப் பொம்பளை அன்னைக்கே கேட்டுருச்சு. நான்தான் காதுல வாங்கல. ஆறு பத்துக்கு வர்ற பொன்னரசி வண்டிக்குப் பின்னாடியே வேலவன்னு ஒரு வண்டி இருக்குது, பாதி வழி வரைக்கும் ஒரே ரோடு, ஈரோடு போகாது. அவன் புடிச்சுருவான்னு பொன்னரசிக்காரன் ஸ்டேண்டுல இருந்தே ஏழு நிமிஷம், எட்டு நிமிஷம் முன்னாடி எடுத்துருவான். நான் விசிலோட நின்ன வரைக்கும் எடுக்க முடியல. நான் போன அடுத்த வாரத்துல இருந்து எடுக்க ஆரம்பிச்சுட்டான். இது எனக்குத் தெரியாதான்னா, தெரியுமுங்க. தெரிஞ்சே ஆறு பத்துன்னு போட்டன். என்ற பக்கத்துல ஆறு ரெண்டுன்னு போட்டா அவன் ஜெயிச்ச மாதிரி ஆயிருமேன்னு இருந்துச்சு. சரியான டைம் எங்கியாச்சும் ஒரு எடத்துல நிக்கோணும்ல? அப்படித்தான் நெனச்சன். இப்பவும் பெர்மிட்டு டைம் ஆறு பத்துதானுங்க, அதுல மாத்தமில்ல.

உள்ளூர்ச் சனம் அஞ்சே முக்காலுக்கே வந்து நின்னுக்கும். வெளியூர்க்காரங்கதான் போனைப் பாத்துட்டு வருவாங்க. அதைத்தான் ஜமீலாம்மா சொன்னது. தெரிஞ்சவங்களுக்கு இது வேண்டியதில்ல, தெரியாதவங்களுக்குத்தான் வேணும், அவங்களுக்குத் தப்பாச் சொல்லாதீங்கன்னு.

மாசி மாசம் ஒரு மெசேஜ் வந்துச்சுங்க. 'எங்களைத் தொடர்பு கொள்ள'ன்னு ஒரு பெட்டி வெச்சிருக்கறன் பாருங்க, அதுல. எனக்கு வந்த மொத மெசேஜ். மயிலாத்தாளைக் கூப்புட்டுக் காட்டுனன். எழுதுனது தமயந்தின்னு ஒரு அம்மிணி. அக்கட்ட நூல் மில்லு இருக்குதுல்ல, அங்க ஹாஸ்டல்ல தங்கி வேலை செய்யறவங்க. திண்டுக்கல் பக்கமாம். என்ன எழுதியிருந்துச்சுன்னா, 'ஐயா, இன்று ஆறு பத்து பஸ் வரவில்லையா, முன்னாடியே போய்விட்டதா? நான் ஆறு ஐந்துக்கே வந்துவிட்டேன். எனக்கு மிகவும் முக்கியம். அடுத்த மாதம் முதல் சனிக்கிழமையும் போக வேண்டும். சரியான நேரம் சொல்லவும்.'

நான் என்ன பதில் எழுதுனன் தெரியுமுங்களா? மனப்பாடமாத் தெரியும் எனக்கு. 'பேருந்து நேரம் காலை 6.10. இதில் மாற்றமில்லை. தாங்கள் தாமதமாக வந்திருக்கலாம்.'

தாமதமாக வந்திருக்கலாம். ஆறு அஞ்சுக்கு வந்து நின்னவங்களுக்கு.

எழுதி அனுப்பீட்டு நெம்ப சந்தோஷமா இருந்தனுங்க. சுத்தமா, ஆபீஸ் பாசையில, பிழையில்லாம எழுதியிருக்கறன்னு.

அடுத்த மாசம் மொத சனிக்கிழமை. அன்னைக்கு வெடியால நான் என்ன பண்ணீட்டிருந்தன்னு கேளுங்க. முகப்புல ஒரு பஸ் படம் போட்டிருக்கறன்ல, அதை எடப்பக்கம் இருந்து வலப்பக்கம் நகத்தீட்டிருந்தன். நகத்துனா எழுத்து கீழ போகுது, எழுத்தை ஏத்துனா படம் சிறுசாகுது. ரெண்டு மணி நேரம் அதே வேலை. பராமரிக்கறனாம். பொழுது கெளம்பறப்ப இன்னொரு மெசேஜ் வந்து விழுந்துச்சு. 'ஐயா, இந்த மாதமும் போய்விட்டது. நான் ஓடி வரும்போது பஸ் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரே ஒரு நாள் நீங்கள் வந்து நின்று பாருங்கள்.'

எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம். எனக்கே டைம் சொல்லித் தர்றாளா? வேலவன் வண்டிக்காரன் எவனோ பொம்பளைப் பேருல எழுதறான்னு முடிவு பண்ணீட்டன். மயிலாத்தா எட்டிப் பாத்துட்டு, "பாவம், ஒரு நாள் போயி நின்னு பாத்தா என்ன? மூணு மைலு, மொபெட்டுல போனாக் கால் மணி நேரம்"ன்னா. "நீங்க புடிச்ச மொயலுக்கு மூணே காலு"ன்னுட்டு அவ அடுப்படிக்குப் போயிட்டா. பதில் எழுதவே இல்ல நான் அந்த மெசேஜுக்கு.

அஞ்சாறு நாள் கழிச்சு அந்த அம்மிணியே ஊட்டுக்கு வந்துருச்சுங்க. பக்கத்துக்கு அடியில என்ற அட்ரஸு இருக்குதே, அதைப் பாத்து வந்திருக்குது. மெலிஞ்ச ஒடம்பு, மில்லு பஞ்சு தலையில ஒட்டியிருந்துச்சு. உக்காருன்னா உக்காரல. நின்னுட்டே சொல்லுச்சு.

புருசனோட கோர்ட்டுல கேசு நடக்குதுங்க. ஒரு பொட்டப்புள்ள, மித்ரான்னு பேரு, மூணரை வயசு. அது அப்பங்காரன் ஊட்டுல ஈரோட்டுல இருக்குது. மாசத்துல மொத சனிக்கிழமை ஒன்பது மணிக்குக் கோர்ட்டுக் கட்டடத்துல புள்ளையைக் கூட்டியாந்து காட்டோணும், ரெண்டு மணி நேரம் இந்தம்மா வெச்சிருக்கலாம். ஆனா அரை மணி நேரத்துக்குள்ள அம்மா வரலைன்னா அவங்க புள்ளையைக் கூட்டீட்டுப் போயிரலாம். இதுதான் உத்தரவு. பொன்னரசியைப் புடிச்சா எட்டேகாலுக்கெல்லாம் ஈரோடு. அதை விட்டா அடுத்த ஈரோட்டு வண்டி ஏழு அம்பதுக்குத்தான், போய்ச் சேரப் பத்தாயிரும். ரெண்டு மாசமும் பத்து மணிக்குப் போயி காலி ரூமைப் பாத்துட்டுத் திரும்பியிருக்குது.

நான் கேட்டன், "ஏம்மா, மொத தாட்டி விட்டீங்க, ரெண்டாவது தாட்டி அரை மணி முன்னாடி வந்து நிக்கறதுதானே?" நல்ல கேள்வின்னு நெனச்சுத்தான் கேட்டன்.

"ஹாஸ்டல் கேட்டு திறக்க மாட்டாங்க ஐயா"ன்னுச்சு. "வார்டன்கிட்ட அஞ்சரைக்கு விடுங்கன்னு கெஞ்சுனேன். அந்தம்மா போனைப் பாத்துச்சு. ஆறு பத்துன்னுதானே போட்டிருக்கு, அஞ்சரைக்கு வெளிய போயி என்ன பண்ணப் போறேன்னு கேட்டுச்சு. நீங்க அனுப்புன பதிலையும் காட்டச் சொல்லிப் படிச்சுச்சு. நீ லேட்டாப் போயிட்டு பஸ்ஸைக் குத்தம் சொல்றியான்னு அஞ்சு அம்பதுக்குத்தான் திறந்துச்சு. அங்க இருந்து ஸ்டாப்புக்கு வரக் கால் மணி நேரம் ஆகும் ஐயா."

அது குறையாச் சொல்லலீங்க தம்பி. திட்டியிருந்தாக் கூட நான் திருப்பித் திட்டீட்டு மறந்திருப்பன். நடந்ததை நடந்தபடி சொல்லுச்சு. அப்பறம், எதிர்ப்பக்கத்துல 'அம்மாவுக்கே புள்ள மேல அக்கறையில்ல, ரெண்டு மாசமா வரல'ன்னு மனு போட்டிருக்காங்க, வெப்சைட்டுல இருந்த டைம் தப்புன்னு நீங்க ஒரு லெட்டர் குடுத்தா வக்கீல் காட்டுவாருன்னு கேட்டுச்சு.

குடுத்தன். குடுக்காம இருந்திருந்தாப் பரவால்லைங்க. குடுத்தன்.

நல்ல தாளா எடுத்து, என்ற பழைய டைம் ஆபீஸ் ரப்பர் ஸ்டாம்பைத் தேடி எடுத்து, எழுதுனன். தப்புங்கற வார்த்தை எனக்குக் கையில வரலீங்க. ரெண்டு தாட்டி எழுதப் பாத்தன், பேனா நிக்குது. கடைசில எப்படி எழுதுனன்னா, '6.10 என்பது அரசு அனுமதித்த நேரம். எனது இணையதளத்தில் உள்ள நேரம் முற்றிலும் சரியானது. பேருந்து முன்னதாகச் சென்றிருந்தால் அதற்கு ஓட்டுநரே பொறுப்பு.' கடைசி வரியைப் பாத்தீங்களா? அந்தம்மா மேல தப்பில்லைன்னு அதுல வந்துருதுல்ல? எனக்கு அப்படித்தான் பட்டுச்சு. என்ற பக்கமும் விட்டுக் குடுக்கல, அந்தம்மாவுக்கும் ஒத்தாசை பண்ணியாச்சு. ஸ்டாம்பு குத்தி, கவர்ல போட்டு ஒட்டி, மேல 'நீதிமன்றப் பார்வைக்கு மட்டும்'னு வேற எழுதிக் குடுத்தன். அது ரெண்டு கையிலயும் வாங்கிக்கிட்டு, "நீங்க நல்லா இருக்கோணும் ஐயா"ன்னு எங்க ஊருப் பேச்சுலயே சொல்லீட்டுப் போச்சு.

ரெண்டு வாரம் போச்சு. ஒரு நாள் ஜமீலாம்மா போன் பண்ணி, "ஐயா, கடைக்கு வந்துட்டுப் போங்க"ன்னாங்க. போனன். முகம் கொடுத்துப் பேசல அவங்க. ஒரு ஜெராக்ஸ் தாளை மேசை மேல வெச்சாங்க. கோர்ட்டு உத்தரவு. தமயந்தி காப்பி போட வந்திருக்குது, மிஷின் முன்னாடி நின்னு அழுதிருக்குது, இவங்க கேட்டு வாங்கிப் படிச்சிருக்காங்க.

"உங்க பேரு இருக்குது பாருங்க"ன்னாங்க.

இருந்துச்சுங்க. முப்பத்தொரு வருஷ அனுபவமுள்ள டைம் கீப்பரே நேரம் முற்றிலும் சரியானதுன்னு முத்திரையோட கடிதம் குடுத்திருக்கறார், அதனால அம்மா நேரத்துக்கு வரலைங்கறது உறுதியாகுதுன்னு எதிர்வக்கீல் வாதம் பண்ணியிருக்கறான். அந்த ஒத்தை வரியைத்தான் படிச்சிருக்கறான், அடுத்த வரியை விட்டுட்டான். இந்தம்மாவோட வக்கீல் நெரிசல்ல கவரைப் பிரிச்சு, படிக்காமயே நீட்டீட்டாராம். அது வக்கீல் தப்புத்தானுங்களே? நானும் ஜமீலாம்மாகிட்ட அதையேதான் சொன்னன்.

"வக்கீல் படிக்கல, சரி. எழுதுனது யாருங்க ஐயா?"ன்னாங்க.

மாசத்துக்கு ஒருக்கான்னு இருந்ததை மூணு மாசத்துக்கு ஒருக்கான்னு கொறைச்சுட்டாங்க தம்பி. அடுத்தது ஆனி மாசம் மொத சனி, அதாவது ஜூலை மொத சனிக்கிழமை.

அடுத்த நாள் வெடியால மொபெட்டை எடுத்துட்டு இங்க வந்தனுங்க. இதே திட்டுலதான் உக்காந்தன். பொன்னரசி ஆறு ரெண்டுக்கு வந்துச்சு, ஆளை ஏத்துச்சு, போச்சு. அவ்வளவுதான். கால் மணி நேர வேலை. மொத மெசேஜ் வந்தப்பவே வந்திருந்தா அந்தப் புள்ளை அம்மாவைப் பாத்திருக்கும். நான் பாட்டுக்கு நடு ரோட்டுல நின்னு வாய்விட்டு என்னையவே திட்டிக்கிட்டன். மில்லுக்குப் போற பொம்பளைங்க ஒதுங்கிப் போனாங்க.

பன்னெண்டு நாள் விடாம வந்தன். ஆறு ரெண்டு, ஆறு நாலு, அஞ்சு அம்பத்தொன்பது, ஒரு நாள் முகூர்த்தத்துக்குக் கூட்டம்னு அஞ்சு அம்பத்தாறு, ஒரே ஒரு நாள் ஆறு பதினொண்ணு. நோட்டுல எழுதிக்கிட்டே வந்தன். எழுத எழுத எந்த எண்ணைப் போடறதுன்னு தெரியாமப் போச்சு. எதைப் போட்டாலும் எவனாச்சும் ஒருத்தன் நிப்பான். கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து ஆறு பத்தை ஒவ்வொரு எழுத்தா அழிச்சன். சுமார்னு அடிச்சன். அந்த வார்த்தையை முப்பத்தொரு வருஷத்துல நான் வாயில எடுத்ததில்லீங்க. எவனாச்சும் கண்டக்டர் "சுமார் அஞ்சே கால்"னு சொன்னா, "சுமாருன்னு உங்க அப்பன் பொறந்தானா?"ன்னு கேட்டிருக்கறன். பக்கத்துலயே, 'அஞ்சே முக்காலுக்கே வந்துவிடவும், வண்டி முன்னாடியே போகும்'னு போட்டன். ஜமீலாம்மா பாத்துட்டு, "இப்பத்தான் இது ஊருக்கு ஒதவற வெப்சைட்டு ஐயா"ன்னாங்க. எனக்கு அதுல சந்தோஷம் ஒண்ணும் வரல. யாருக்கு ஒதவோணுமோ அவங்களுக்கு ஒதவலியே.

இன்னொரு லெட்டரும் எழுதுனன். மொத வரியே, 'எனது இணையதளத்தில் நான் போட்ட நேரம் தப்பு. தெரிந்தே போட்டேன்'னு. எடுத்துட்டு ஹாஸ்டல் கேட்டுக்குப் போனன். அந்த அம்மிணி ஷிப்டு முடிச்சு வந்துச்சு. வாட்ச்மேன் நிக்கறான், நாலு புள்ளைங்க நிக்குதுங்க, எனக்குக் கூச்சமாப் போச்சு. மன்னிச்சுருன்னு வாய்விட்டுச் சொல்லல நான். லெட்டரை நீட்டுனன், அவ்வளவுதான். அது நின்னு முழுசாப் படிச்சுச்சு. மடிச்சுச்சு.

"இனி அடுத்த மனு போடறப்பத்தான் இதைக் காட்ட முடியும்னு வக்கீல் சொல்றாரு. வெச்சுக்கறேன்"ன்னுச்சு.

நான் திரும்பறன். பின்னாடி இருந்து கேட்டுச்சு, "ஐயா, அப்ப நான் எத்தனை மணிக்கு வந்து நிக்கட்டும்?"

தம்பி, குத்திக் காட்டல அது. நெசமாத்தான் கேட்டுச்சு. பஸ் டைம் தெரிஞ்ச ஆளுகிட்டப் பஸ் டைம் கேக்குது. அஞ்சே முக்கால்னு சொல்லலாம்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அன்னைக்குன்னு அவன் அஞ்சு நாப்பதுக்கு எடுத்துட்டா? எத்தனையோ ஆயிரம் பேருக்கு டைம் சொன்னவன், அந்த ஒருத்திக்குச் சொல்ல முடியாம நின்னன். அது சரி ஐயான்னுட்டு உள்ள போயிருச்சு.

இன்னைக்கு என்ன கிழமைங்க? ஆமாங்க. சனிக்கிழமை. ஜூலை மொத சனி.

மெதுவாத் திரும்புங்க, பாக்கற மாதிரி பாக்காதீங்க. ரோட்டுக்கு அந்தப் பக்கம், நிழற்கூரை தூணுகிட்ட, நீலச் சேலை. கையில துணிப்பை. அதுதானுங்க தமயந்தி. நான் அஞ்சு மணிக்கு வந்தன். வர்றப்பவே அது நின்னுட்டிருந்துச்சு. இப்பெல்லாம் வார்டன் எத்தனை மணிக்குக் கேட்டாலும் கேட்டைத் திறந்து விட்டுருதாம், பக்கத்துல அப்படிப் போட்டிருக்கறதால. அந்த ஒண்ணு மட்டும் நடந்திருக்குது.

போயிப் பேசலாமேங்கறீங்களா? என்னன்னு பேசறதுங்க? அரை மணி நேரமா அதைத்தான் யோசிச்சுட்டு உக்காந்திருந்தன், நீங்க வந்தீங்க. அங்க பேச வேண்டியதை உங்ககிட்டப் பேசீட்டிருக்கறன். அது எனக்கே தெரியுது.

கடைசியாப் புள்ளையைப் பாத்தது தை மாசம், பிப்ரவரி மூணாந்தேதி. நான் எண்ணிப் பாத்தன். நூத்தி அம்பத்தி நாலு நாளு. மூணரை வயசுப் புள்ளைங்க அது. அத்தனை நாள் பாக்காம இருந்தா அம்மா முகம் அதுக்கு நெனப்பு இருக்குமுங்களா தம்பி? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க. மயிலாத்தாகிட்டக் கேட்டன், அவ எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டா.

உஷ். இங்கதான் வருது. ரோட்டைத் தாண்டி வருது பாருங்க. வாங்கம்மா...

சொல்லுங்க தம்பி. உங்களைத்தான் கேக்குது. ஈரோட்டு வண்டி போயிருச்சான்னு கேக்குது. இன்னும் வரலைன்னு சொல்லுங்க.

போயிருச்சு பாருங்க, மறுபடியும் அந்தத் தூணுக்கே.

அஞ்சு மணிக்கு முன்னாடியிருந்து ரோட்டையே பாத்துட்டு நிக்கறவங்க தம்பி. ஒரு வண்டி போகல. போகலைன்னு அதுக்கே தெரியும். தெரிஞ்சும் போயிருச்சான்னு வந்து கேக்குது. அதோட கண்ணையே அது நம்ப மாட்டீங்குது. அந்தளவுக்குப் பண்ணி வெச்சிருக்கறன் நான்.

அப்பறம், நான் உங்க பக்கத்துலதான் உக்காந்திருக்கறன். முழங்கை இடிக்கற தூரம். என்ற மூஞ்சி அதுக்குத் தெரியாததா? ரெண்டு தாட்டி பாத்த மூஞ்சி. நீங்க நேத்து ராத்திரி இந்த ஊருக்கு வந்தவரு, எந்த வண்டி எங்க போகும்னு உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. என்னைய விட்டுட்டு உங்ககிட்டக் கேட்டுச்சு. கோவம் இல்லீங்க அதுக்கு என்ற மேல. கோவமா இருந்தா மூஞ்சியைத் திருப்பிக்கும். வாங்கம்மான்னதுக்குத் தலையைக் கூட ஆட்டுச்சு. டைமை மட்டும் உங்ககிட்டக் கேட்டுச்சு. சரியாத்தான் கேட்டிருக்குது.

இருங்க, சத்தம் கேக்குதா? எனக்குக் கேக்குது. மேட்டுல கியர் மாத்தறான். பொன்னரசிதான், அந்த எஞ்சினை எங்கியும் கண்டுபுடிச்சிருவன் நான். வளைவு திரும்பறதுக்குள்ள எந்திரிங்க தம்பி, வெரசலா அந்தப் பக்கம் போங்க. வண்டி வருதுன்னு அதுகிட்டச் சொல்லுங்க. நீங்க சொன்னா நம்பும்.